சீட்டில் எழுதிய 'உப்பு' சமையல் உப்பு அல்ல

காசிமேட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஐந்து வயது மகனுக்கு நெஃப்ரோடிக் சின்ட்ரோம் என்ற சிறுநீரக நோய். சென்ற ஆண்டு ஆடி மாதம் கண் இமை வீங்கித் தொடங்கியது. அதன்பின் பன்னிரண்டு மாதங்களுக்குள் மூன்று முறை திரும்பிவிட்டது. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போனால் பல நாள் கழித்துத்தான் கரை திரும்புகிறவர். மாமியார் ஒருநாள் பேரனுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊட்டியிருக்கிறார். இரண்டு நாளில் முகம் வீங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கருவாட்டால்தான் வந்ததா, ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குப் போகலாமா, டயாலிசிஸ் வரை போய்விடுமா, பள்ளிக்கு அனுப்பலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டில் 27 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். என் அக்கா மகனுக்கும் இதே நோய் வந்தது. அப்போது அவனுக்கு மூன்றரை வயது. காலையில் கண் உப்பியிருந்ததைப் பூச்சிக்கடி என்று நினைத்துச் சொட்டு மருந்து போட்டோம். சிறுநீரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே நான்காம் நாள்தான் தோன்றியது. ஆகவே, தொடக்கத்தில் தெரியாமல் போய்விட்டதே என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

கருவாட்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நோயைத் திருப்பிக் கொண்டுவந்தது கருவாடு இல்லை. உங்கள் மாமியார் மீதும் குற்றமில்லை, உங்கள் மீதும் குற்றமில்லை. இதை அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்த நோய்க்கு வீட்டில் இரண்டு பேரும் வேண்டும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் ஆல்புமின் என்ற புரதம் அவற்றைத் தாண்டி வெளியே போகக் கூடாது. இந்த நோயில் உடலின் எதிர்ப்பு சக்தி தடுமாறி, வடிகட்டியின் சுவர் பிடி தளர்ந்து, புரதம் சிறுநீரில் கசிகிறது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பது ஆல்புமின்தான். அது குறைந்தால் நீர் வெளியே கசிந்து உடம்பில் தேங்கும். காலையில் கண் இமை, மாலையில் கணுக்கால், விட்டுவிட்டால் வயிறு, ஆண் பிள்ளைகளுக்கு விதைப்பை என்று வீக்கம் இறங்கும். வடிகட்டியின் பிடி தளர்வது பெரும்பாலும் ஒரு சளி, ஒரு தொண்டை வலி, ஒரு காய்ச்சலுக்குப் பின்னால் நடக்கிறது. பல முறை எந்தக் காரணமும் பிடிபடுவதில்லை. இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. மெட்ரோ தண்ணீர், மணலிப் பக்கத்துப் புகை, கர்ப்பத்தில் தாய் சாப்பிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லும் எதையும் இதற்குக் காரணமாக நான் ஏற்க மாட்டேன். காற்றும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு வேறு நூறு நியாயங்கள் உண்டு.

உப்புக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது, ஆனால் அது இரண்டாவது வேலை. புரதம் கசியத் தொடங்கியபின் உடம்பு உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் உப்பு சேர்ந்தால் வீக்கம் ஏறும். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குச் சில நாள் முன்பே கசிவு தொடங்கியிருக்கும். உங்கள் மகனுக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு ஊட்டிய அன்றே புரதம் போய்க்கொண்டிருந்திருக்கும். குழம்பு வீக்கத்தைக் கொஞ்சம் சீக்கிரம் வெளியே காட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

இங்கே நம் ஊர்ப் பேச்சில் உள்ள ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர் பார்க்கும்போது 'சர்க்கரை, உப்பு பார்த்தாச்சா' என்று கேட்கிறோம். அந்த 'உப்பு' ஆல்புமின். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் கூடினாலும் 'உப்பு கூடிவிட்டது' என்கிறோம். சோதனைச் சீட்டைக் கையில் கொடுத்து 'பிள்ளைக்கு உப்பு போகிறது' என்று யாராவது சொன்னால், வீட்டில் ஒருவர் உப்பு போகிறதே, இன்னும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார். இன்னொருவர் சாப்பிட்ட உப்புதான் இப்படி வருகிறது என்று நினைக்கிறார். இரண்டு விதமாகவும் பிள்ளைகள் அவதிப்பட்டதை வார்டில் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி போன உப்பை ஈடுகட்ட வேண்டும் என்று கஞ்சியில் இரண்டு கை உப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார். அன்பால்தான் போட்டார். அன்று அவருக்கு 'புரதம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்ததோடு சரி, அதன்பின் வீட்டிலேயே அவ்வளவு கவனமாக இருந்தவர் வேறு யாருமில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோயைப் பார்த்துக்கொள்ளும் இடம் உங்கள் வீடுதான். மருத்துவமனையில் பிள்ளை இருக்கும் நாட்கள் மிகக் குறைவு. தினமும் காலையில் சிறுநீரைச் சோதித்து ஒரு நோட்டில் எழுதினால், நோய் திரும்புவதை வீக்கம் வருவதற்கு முன்பே பிடித்துவிடலாம். முன்பே பிடித்தால் ஆஸ்பத்திரியில் படுக்காமல், ஊசி, நீர் இறக்கும் மருந்து எதுவுமின்றி, மாத்திரையோடு முடிந்துவிடுவது பெரும்பாலும் நடக்கும்.

சோதனைக்குக் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சோதனைப் பட்டை எளிது. பட்டையை நனைத்து எடுத்து, ஓரத்தைத் தட்டி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து நிறத்தை ஒப்பிட வேண்டும். புரதக் கட்டத்துக்குப் பெரும்பாலும் 60 விநாடி. கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் கூடித் தெரிந்து வீண் பயம் வரும். காசிமேடு, ராயபுரம், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: உப்புக்காற்றின் ஈரத்தில் பட்டை சீக்கிரம் கெட்டுவிடும். டப்பாவை உடனே மூடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். குளியலறையில் வைக்காதீர்கள்.

பட்டை வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் பழைய முறை இருக்கிறது. என் அக்கா பதினோரு ஆண்டுகள் அதைத்தான் செய்தாள். ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயில் முக்கால் பாகம் சிறுநீர் எடுத்து, துணியாலோ இடுக்கியாலோ பிடித்து, சாய்த்து, மேல்பகுதியை மட்டும் சிறு தீயில் காட்ட வேண்டும். மேலே கொதித்து வரும்போது அது கலங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதி தெளிவாக இருப்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கலங்கினால் வினிகர் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். கலங்கல் கரைந்துவிட்டால் அது புரதம் இல்லை, பாஸ்பேட் என்ற வேறு உப்பு. கரையாமல் நின்றால் புரதம். பிறகு குழாயின் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். மெல்லிய மங்கல் என்றால் 'டிரேஸ்'. எழுத்தைப் படிக்க முடிந்தால் ஒரு பிளஸ். எழுத்து இருப்பது தெரிகிறது, ஆனால் படிக்க முடியவில்லை என்றால் இரண்டு. எழுத்தே தெரியவில்லை என்றால் மூன்று. திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக இறங்கினால் நான்கு. அக்காவுக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அவள் போட்ட பிளஸ் கணக்கை ஆய்வகச் சீட்டோடு நான் பலமுறை ஒப்பிட்டிருக்கிறேன். பிசகியதே இல்லை. குழாயின் வாயை முகத்துக்கும் பிள்ளைக்கும் எதிர்ப்பக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், கொதிக்கும்போது தெறிக்கும்.

மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் தொடர்ந்து இல்லை அல்லது டிரேஸ் என்று வந்தால் அடங்கிவிட்டது. ஒருநாள் இரண்டு பிளஸ் வந்து மறுநாள் போய்விடுவது காய்ச்சல் நேரத்தில் நடக்கும். அதற்காக நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். மூன்றாம் நாள் மூன்று பிளஸைப் பார்த்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், வீக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். சாதாரண நாற்பது பக்க நோட்டே போதும். தேதி, பிளஸ், கொடுத்த மாத்திரை, வாரம் ஒருமுறை எடை, காய்ச்சல் சளி ஏதாவது வந்ததா என்பது. புறநோயாளிகள் பிரிவில் வரிசை நீளமாக இருக்கும், மருத்துவருக்கு உங்களிடம் பேசச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். நீங்கள் பத்து நிமிடம் சொல்ல வேண்டியதை அந்த நோட்டு அரை நிமிடத்தில் சொல்லிவிடும்.

ஸ்டீராய்டு பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்த நோயில் அதுதான் முதல் மருந்து. நெஃப்ரோடிக் வந்த பிள்ளைகளில் 100க்கு 80க்கும் மேற்பட்டவர்களுக்கு அது கேட்கிறது. முதல் முறை வந்தபோது எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தினமும் ஆறு வாரம், பிறகு அளவைக் குறைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு வாரம் என்பது இந்தியக் குழந்தை சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் வழக்கம். திரும்பும்போது புரதம் நிற்கும் வரை தினமும் முழு அளவு, நின்றபின் ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு வாரம். 18 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 36 மில்லிகிராம் அளவில் வரும். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு மாத்திரையா என்று கடைக்காரர் கூடக் கேட்பார். அதைக் கேட்டு நீங்களாகப் பாதி கொடுத்தால், பக்க விளைவு மட்டும் மிஞ்சும், நோய் அடங்காது.

மாத்திரைப் பட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு சிறுமி வந்தாள், 15 கிலோ. 10 மில்லிகிராம் மாத்திரை மூன்று என்று எழுதியிருந்தது. இரண்டாவது முறை கடையில் 5 மில்லிகிராம் பட்டையைக் கொடுத்துவிட்டார்கள். அட்டை அதே நிறம். தாய் வழக்கம்போல மூன்று கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு வாரமாகியும் புரதம் நிற்கவில்லை. மருந்து கேட்காத வகையோ, சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமோ என்று பேச்சு வந்துவிட்டது. படுக்கையை ஒழுங்குபடுத்தும்போது தலையணைக்கு அடியில் இருந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். சரியான அளவு கொடுத்த ஒன்பதாம் நாள் சிறுநீர் தெளிந்தது. அதிலிருந்து, என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, 'பட்டையைக் கொண்டுவந்தீர்களா' என்பதுதான்.

காலை உணவுக்குப் பின் கொடுங்கள். இரவில் கொடுத்தால் தூக்கம் கெடும். பசி அதிகமாகும். நடு இரவில் எழுந்து சோறு கேட்கும் பிள்ளைகள் உண்டு. கோபம், பிடிவாதம், அழுகை வரும். அது உங்கள் வளர்ப்பின் கோளாறு இல்லை, மருந்து பேசுகிறது. முகம் உருண்டையாகும். இந்த உருண்டை முகத்தைப் பார்த்து வீக்கம் திரும்பிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். வித்தியாசம் இது: நோயின் வீக்கம் காலையில் கண்ணைச் சுற்றி அதிகமாக இருக்கும், கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும், சில நாளிலேயே எடை கிலோ கணக்கில் ஏறும், சிறுநீரில் பிளஸ் இருக்கும். மாத்திரையின் உப்பல் கன்னத்தில் இருக்கும், குழி விழாது, சிறுநீர் தெளிவாக இருக்கும். மாத்திரை குறையக் குறைய அது இறங்கிவிடும்.

திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சிறுநீரகத்தின் மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கிறது. வெளியிலிருந்து நாம் வாரக்கணக்கில் கொடுக்கும்போது அது வேலையை நிறுத்திவிடும். சட்டென்று மாத்திரையை விட்டால், சுரப்பி விழிப்பதற்குள் பிள்ளை வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று தளர்ந்துபோகும். பிள்ளை வாந்தியெடுத்து மாத்திரை தங்காமல் போனாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆனால் உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை திரும்பினால் 'அடிக்கடி திரும்பும் வகை' என்ற கணக்கில் வருகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்காமல், அதன் அளவைக் குறைக்க வேறு மருந்துகள் சேர்ப்பார்கள். லெவமிசோல் என்பது ஒருகாலத்தில் பூச்சி மாத்திரையாக இருந்தது. அதை எழுதினால் வயிற்றுப் பூச்சிக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மைக்கோஃபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ரோலிமஸ், ரிட்டுக்சிமாப் ஊசி என்று மற்றவையும் உண்டு. எது என்பது மருத்துவரின் முடிவு. அடுத்த முறை போகும்போது, 'ஒரு வருடத்தில் மூன்று முறை வந்துவிட்டது, வேறு மருந்து சேர்க்க வேண்டுமா' என்று நீங்களே கேளுங்கள். கூடவே உயரம், ரத்த அழுத்தம், கண் பரிசோதனை ஆகியவற்றையும் கேளுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு வளர்ச்சியைத் தடுக்கும், கண்ணில் புரை வரவைக்கும். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், அது உங்கள் பிள்ளையின் உரிமை.

நாட்டு மருந்தைப் பற்றி நான் கடுமையாகத்தான் சொல்வேன். இந்த நோயில் சிலருக்குப் புரதம் தானாகவே நிற்பதுண்டு. அப்போது கொடுத்த பொடிக்குப் பெயர் போய்ச் சேர்கிறது. பாதரசம் கலந்த மருந்தும், பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீமும் தாமாகவே சிறுநீரகத்தில் புரதக் கசிவை உண்டாக்கக் கூடியவை. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத எந்தப் பொட்டலமும் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம். இந்துப்பும் சோடியம்தான், அதை 'நல்ல உப்பு' என்று சேர்ப்பதில் பயனில்லை. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயில் அது இன்னும் ஆபத்து. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஐபூபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் கலந்த மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், அவை சிறுநீரகத்தைத் தொல்லைப்படுத்தும்.

சாப்பாட்டில், வீக்கம் இருக்கும் நாட்களில் உப்பைக் கண்டிப்பாகக் குறையுங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு, சிப்ஸ், மிக்சர், நூடுல்ஸ் பொட்டலம், கடை பிஸ்கட் எல்லாம் நிற்க வேண்டும். எலுமிச்சை, மல்லி, மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம் கொண்டு சுவை சேர்க்கலாம். தண்ணீரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார், வீக்கம் இல்லாதபோது குறைக்கத் தேவையில்லை. பச்சை மீன் தாராளமாகக் கொடுக்கலாம். காசிமேட்டில் இருந்துகொண்டு மீனை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கராவும் நெத்திலியும் பச்சையாக வாங்கி உப்புக் குறைத்துக் குழம்பு வையுங்கள். காய்ந்த நெத்திலிதான் கூடாது. புரதம் போகிறதே என்று முட்டையை நான்காகக் கூட்டவும் வேண்டாம், வயதுக்கேற்ற வழக்கமான அளவு போதும். வீக்கம் வடிந்தபின் எல்லோருக்கும் வைக்கும் சாப்பாடுதான், உப்பை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் நான் அதிகம் பயப்படுவது தொற்றுக்குத்தான். சிறுநீரில் போகும் புரதத்தோடு நோயை எதிர்க்கும் புரதங்களும் போய்விடுகின்றன. அதன்மேல் ஸ்டீராய்டு. வீக்கம் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சலோடு வயிறு வலித்தால் அது வயிற்றுக்குள் சீழ் பிடிப்பதாக இருக்கலாம், விடியும் வரை காத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வலித்து வீங்குவது, கடும் தலைவலியோடு வாந்தி, வலிப்பு, கை கால் சில்லிட்டுத் துவள்வது, நாள் முழுக்கச் சிறுநீர் வெகுவாகக் குறைவது ஆகியவையும் அப்படியே.

அடுத்து அம்மை. நம் பக்கத்தில் அம்மை போட்டால் வேப்பிலை செருகி, மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று வீட்டோடு வைத்துவிடுவோம், ஆஸ்பத்திரிக்குப் போனால் குற்றம் என்பார்கள். எனக்கும் அம்மன் மீது பக்தி உண்டு, ஆடியில் கூழ் ஊற்றுகிறேன். ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகும். தெருவிலோ வகுப்பிலோ யாருக்காவது போட்டிருப்பது தெரிந்தால், உங்கள் மகனுக்கு ஒரு கொப்புளம்கூட வராவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுக்க ஊசியும், வந்துவிட்டால் மருந்தும் இருக்கின்றன. வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறுங்கள்.

தடுப்பூசி அட்டையையும் நோட்டோடு வையுங்கள். நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி தமிழக அரசின் அட்டவணையில் 2021இல்தான் சேர்ந்தது. அதற்குமுன் பிறந்த பிள்ளைகள் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். உங்கள் மகன் போட்டிருக்கிறானா என்று பாருங்கள். ஆண்டுதோறும் ஃபுளூ ஊசியும் நல்லது. உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பு மருந்துகளை, அதாவது சின்னம்மை, தட்டம்மை ஊசிகளையும் போலியோ சொட்டு மருந்தையும், ஸ்டீராய்டு முழு அளவில் ஓடும்போது கொடுக்கக் கூடாது. போலியோ முகாம் நாளில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் இதைச் சொல்லுங்கள். தம்பி தங்கைக்குச் சொட்டு மருந்தா ஊசியா என்றும் மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகளில் காசநோய் இந்தப் பிள்ளையைத்தான் முதலில் பிடிக்கும்.

டயாலிசிஸ் வருமா என்று கேட்டீர்கள். ஸ்டீராய்டு கேட்கும் பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது அரிது. எத்தனை முறை திரும்பினாலும், ஒவ்வொரு முறையும் மருந்துக்கு அடங்குகிறது என்பதே நல்ல அடையாளம். உங்கள் மகன் மூன்று முறையும் அடங்கியிருக்கிறான். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதின்ம வயது முடிவதற்குள் இது நின்றுவிடுகிறது, சிலருக்கு மட்டும் அதன்பிறகும் தொடரும். தினமும் முழு அளவில் ஆறு வாரம் கொடுத்தும் புரதம் நிற்காத வகைதான் கவலைக்குரியது. அவர்களுக்குச் சதைப் பரிசோதனையும் வேறு மருந்துகளும் தேவைப்படும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடும். என் அக்கா மகனுக்கு எட்டு முறை திரும்பியது. கடைசியாக வந்தபோது அவனுக்கு 14 வயது. இப்போது 22. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறான்.

பள்ளிக்குக் கட்டாயம் அனுப்புங்கள். வீக்கமும் காய்ச்சலும் இல்லாத நாளில் ஓடலாம், விளையாடலாம். பள்ளியில் காலை உணவும் சத்துணவும் சாப்பிடுகிறவன் என்றால் வீக்க நாட்களில் மட்டும் வீட்டுச் சாப்பாடு கட்டிக் கொடுங்கள். வகுப்பு ஆசிரியையை நேரில் பார்த்து மூன்று விஷயம் சொல்லுங்கள்: அடிக்கடி கழிப்பறைக்குப் போக விட வேண்டும், வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், 'குண்டு' என்று பிள்ளைகள் கேலி செய்தால் தடுக்க வேண்டும். மூன்றாவதுதான் பிள்ளையை அதிகம் வாட்டுகிறது. அக்கா மகன் ஏழு வயதில் மாத்திரையை வாயில் அடக்கி வைத்துத் துப்பிக்கொண்டிருந்தான், முகம் சிறிதாக வேண்டும் என்று. இரண்டு வாரம் கழித்து அலமாரிக்குப் பின்னால் மாத்திரைகளைப் பார்த்தோம். அவனை யாரும் அடிக்கவில்லை. அவன் அம்மா அவனிடம் நோட்டைக் கொடுத்து, 'இனிமேல் பிளஸ் நீ போடு' என்றாள்.

மருத்துவமனையைப் பொறுத்தவரை, ஒரே இடத்தில் தொடர்ந்து பாருங்கள். மாறி மாறிப் போனால் ஒவ்வொரு இடத்திலும் கதை முதலிலிருந்து தொடங்கும். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். குழந்தைகளுக்கென்றே உள்ளது எழும்பூர் ஹால்ஸ் சாலையில் இருக்கும் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபின், தண்டையார்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்குவது எளிதாகிவிட்டது. முகம் வீங்கிய பிள்ளையைக் கூட்டமான பேருந்தில் இடுப்பில் வைத்துக்கொண்டு போன காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பிள்ளை நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள், வார்டில் படுத்தபின் அலைவது கொடுமை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் உங்கள் வீட்டில் கை இறுகும் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் அட்டை கையில் இருக்க வேண்டும்.

பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் ஒரு தகப்பன் வந்து என் கதவைத் தட்டினார். மகளுக்கு இரண்டு நாளாக மாத்திரை இல்லை. தெரிந்த வீடுகளில் கேட்டு எட்டு மாத்திரை சேர்த்துக் கொடுத்தேன். இப்போது ஐப்பசி பிறந்தாலே, தெரிந்த குடும்பங்களுக்குப் போன் செய்து மாத்திரையை எண்ணச் சொல்கிறேன். நோட்டையும் மாத்திரையையும் தடுப்பூசி அட்டையையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு உயரத்தில் மாட்டிவையுங்கள்.

மாமியாரிடம் நோட்டைக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பிளஸ் போடத் தெரியும். கணவர் கரைக்கு வந்த மறுநாள் காலை, சோதனையை அவர் செய்யட்டும். எட்டு நாள் அவர் இல்லாதபோது வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லி அவர் கேட்பதற்குப் பதில், அந்த எட்டு வரிகளை அவரே படிக்கட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மூன்று பேரில் யார் பிள்ளையோடு போனாலும் ஒரே பதிலைச் சொல்ல முடியும்.